நிக்கான் டி90

நிக்கான் டி90 என்பது ஜப்பானைச் சேர்ந்த நிக்கான் நிறுவனம் 2008 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று அறிமுகப்படுத்திய எண்ணிம ஒளிப்படக்கருவி ஆகும். இது டி.எஸ்.எல்.ஆர் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஒற்றை வில்லை எதிரொளிப்பு வகையைச் சேர்ந்தது. நிகழ்படம் பதிவு செய்யும் வசதியுடன் வெளிவந்த முதல் டி.எஸ்.எல்.ஆர் இதுவே.

சிறிய கையடக்கக் கருவிகளிலிருந்து மேம்பட்ட கருவிக்கு மாறுவோரையும், ஒளிப்படக்கலையை முறையாகக் கற்க விரும்புவோரையும் கருத்தில் கொண்டு இது வடிவமைக்கப்பட்டது. அனைத்தையும் தானே தீர்மானிக்கும் தானியங்கி நிலை முதல் அனைத்தையும் பயனரிடமே விட்டுவிடும் கைமுறை நிலை வரை இதில் உள்ளன. இக்கருவி தன்மீது விழும் ஒளியைத் துல்லியமாக அளக்க வல்லது. ஆனால் அவ்வொளி வெண்ணிறச் சுவரிலிருந்து வருகின்றதா, கருங்கல் சிற்பத்திலிருந்து வருகின்றதா என்பதை அதனால் உறுதியாக அறிய இயலாது. எனவே எந்தத் தீர்மானத்தைக் கருவியிடம் விடுவது, எதனைப் பயனர் தம் கையில் எடுத்துக்கொள்வது என்பதை அறிதலே இத்தகைய கருவியைக் கற்பதன் சாரம் எனலாம்.

பின்னணி

டி90 ஆனது 2006 இல் வெளிவந்த டி80 இன் வழித்தோன்றல் ஆகும். டி80 இல் 10.2 மெகாபிக்சல் கொண்ட சிசிடி உணரி இருந்தது. டி90 இல் 12.3 மெகாபிக்சல் கொண்ட சீமாஸ் உணரி பொருத்தப்பட்டது. நிக்கானின் அன்றைய வரிசையில் டி40, டி60 ஆகிய தொடக்கநிலைக் கருவிகளுக்கு மேலும், டி300 என்னும் உயர்நிலைக் கருவிக்குக் கீழும் இது இடம்பெற்றது. டி300 இல் இருந்ததைப் போன்ற 3 அங்குலத் திரை இதிலும் அமைக்கப்பட்டது.

தொடக்கநிலைக் கருவிகளிலிருந்து இதனை வேறுபடுத்தும் கூறுகளுள் முதன்மையானது உடற்பகுதிக்குள் அமைந்த குவிப்பு மோட்டார் ஆகும். டி40, டி60 ஆகியவற்றில் இம்மோட்டார் இல்லை. ஆகவே தமக்கென மோட்டார் இல்லாத பழைய வில்லைகள் அவற்றில் தானாகக் குவிவதில்லை. டி90 இல் அவை தானாகக் குவியும்.

விவரக்கூற்றுகள்

- உணரி: 23.6 × 15.8 மிமீ, சீமாஸ்
- படிமத்தின் மிகப்பெரிய அளவு: 4288 × 2848 படவணுக்கள்
- ஐஎஸ்ஓ: 200 முதல் 3200 வரை, நீட்டிப்பில் 100 முதல் 6400 வரைக்கு இணையானது
- மூடுவேகம்: 30 நொடி முதல் 1/4000 நொடி வரை
- தொடர் படப்பிடிப்பு: நொடிக்கு 4.5 படங்கள்
- குவிப்புப் புள்ளிகள்: 11
- நிகழ்படம்: 1280 × 720, நொடிக்கு 24 சட்டகங்கள்
- சேமிப்பு: எஸ்டி, எஸ்டிஎச்சி அட்டைகள்
- எடை: மின்கலம் இன்றி ஏறத்தாழ 620 கிராம்

இயங்கும் முறை

வில்லை வழியாக உள்ளே வரும் ஒளி, 45 பாகைக் கோணத்தில் சாய்ந்துள்ள ஆடியில் பட்டு மேல்நோக்கித் திரும்புகின்றது. பின்னர் ஐங்கோணப் பட்டகத்தின் வழியாகக் காட்சிகாணியை அடைகின்றது. ஆகவே பயனர் காண்பது வில்லை காணும் அதே காட்சியாகும். பொத்தானை முழுமையாக அழுத்தும்போது ஆடி மேலெழுகின்றது, ஷட்டர் எனப்படும் மூடி திறக்கின்றது, ஒளி உணரியில் விழுகின்றது. பின்னர் மூடி மூடிக்கொள்ள ஆடி கீழிறங்குகின்றது. படம் எடுக்கும் கணத்தில் காட்சிகாணி இருள்வதற்கு ஆடி மேலெழுதலே காரணம்.

டி90 இன் காட்சிகாணி, பதிவாகும் பரப்பில் ஏறத்தாழ 96 விழுக்காட்டை மட்டுமே காட்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளொன்று படத்தின் விளிம்பில் பதிவாகியிருப்பதற்கு இதுவே காரணம்.

காட்சிகாணியின் அருகில் பார்வைத்திறன் சீராக்கும் குமிழ் ஒன்று உள்ளது. கண்ணாடி அணிவோரும் பிறரும் முதலில் இதனைத் திருப்பி, உள்ளே தெரியும் எண்களும் குறிகளும் தெளிவாகும் நிலையில் நிறுத்த வேண்டும். இதனைச் செய்யாதவர்கள், படம் தெளிவாகக் குவிந்திருந்தும் மங்கலாகத் தெரிவதாகக் கருதிக் குழம்புவதுண்டு.

ஒளிபடுகையின் மூன்று கூறுகள்

ஒரு படம் எவ்வளவு வெளிச்சமாக அமையும் என்பதை ஒளித்துளை, மூடுவேகம், ஐஎஸ்ஓ ஆகிய மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஒளியின் அளவு இரு மடங்காவதோ பாதியாவதோ ஒரு படி எனப்படுகின்றது.

ஒளித்துளை என்பது வில்லையின் உள்ளே ஒளி புகும் துளையின் அளவாகும். இது எஃப் எண்ணால் குறிக்கப்படுகின்றது. 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22 என்னும் வரிசையில் ஒவ்வோர் எண்ணும் முந்தையதைவிடப் பாதி ஒளியையே உள்ளே விடும். குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்துக் கிடைப்பதே எஃப் எண். ஆதலால் எண் கூடும்போது துளை சுருங்குகின்றது. துளை பெரிதானால் குவித்த பொருள் மட்டும் தெளிவாகி முன்னும் பின்னும் உள்ளவை மங்கும். துளை சிறிதானால் அருகிலிருந்து தொலைவு வரை தெளிவு நீளும். இத்தெளிவின் எல்லை புல ஆழம் எனப்படுகின்றது. எனினும் துளையை மிகவும் சுருக்கினால் ஒளியின் விளிம்பு விலகலால் படம் முழுவதும் கூர்மை குறைகின்றது.

மூடுவேகம் என்பது உணரியின்மீது ஒளி விழும் கால அளவாகும். 1/1000 நொடியில் பறக்கும் பறவை உறைந்து நிற்பது போலத் தோன்றும். 1 நொடியில் அருவியின் நீர் வெண்பட்டுப் போலத் தோன்றும். கையில் பிடித்து எடுக்கும்போது கை நடுக்கமும் படத்தில் பதியும். டி90 இன் உணரி 36 × 24 மிமீ முழுச்சட்டகத்தைவிடச் சிறியது. எனவே குவியத் தூரத்தை 1.5 ஆல் பெருக்கி, அதன் தலைகீழ் எண்ணைவிட வேகமான மூடுவேகத்தைப் பயன்படுத்துவது நல்லது. எடுத்துக்காட்டாக 105 மிமீ வில்லைக்கு 1/160 நொடி பொருத்தமானது.

ஐஎஸ்ஓ என்பது உணரியிலிருந்து வரும் குறிகை எந்த அளவுக்குப் பெருக்கப்படுகின்றது என்பதைக் குறிக்கும். இதனைக் கூட்டினால் குறைந்த ஒளியிலும் படமெடுக்கலாம். ஆனால் படத்தில் மணல் தூவியது போன்ற இரைச்சலும் கூடும். டி90 இன் அடிப்படை மதிப்பு 200 ஆகும்.

ஒன்றை மாற்றினால் மற்றொன்றால் ஈடுசெய்யலாம். எஃப்/8, 1/125 நொடி என்னும் அமைப்பும் எஃப்/4, 1/500 நொடி என்னும் அமைப்பும் ஒரே அளவு ஒளியையே தருகின்றன. ஆயினும் இவ்விரு படங்களும் ஒன்றல்ல. முன்னதில் பின்புலம் தெளிவாக இருக்கும், பின்னதில் அசைவு உறைந்திருக்கும். இவற்றுள் எது வேண்டும் என்பதைக் கருவியால் சொல்ல இயலாது.

ஒளியை அளத்தல்

டி90 இல் 420 படவணுக்கள் கொண்ட தனி ஒளியளவி உள்ளது. முழுக்காட்சியையும் பகுத்தளத்தல், நடுப்பகுதிக்கு முதன்மை தந்து அளத்தல், குவிப்புப் புள்ளியைச் சுற்றிய சிறு வட்டத்தை மட்டும் அளத்தல் என மூன்று முறைகள் இதில் உள்ளன.

எந்த ஒளியளவியும் சராசரிக் காட்சி நடுத்தரச் சாம்பல் நிறத்தை ஒத்தது என்னும் எடுகோளின்மீதே இயங்குகின்றது. காட்சி அவ்வாறு அமையாதபோது பிழை நேர்கின்றது. வெள்ளைச் சுவரின் முன் வெள்ளை வேட்டி சட்டையுடன் நிற்பவரைப் படமெடுத்தால், கருவி அவ்வெண்மையை மிகை ஒளி எனக் கருதிப் படத்தை இருட்டாக்கும். வேட்டி சாம்பல் நிறமாகத் தோன்றும். கருங்கல் சிற்பத்தை எடுக்கும்போது இதற்கு நேர்மாறாக, கல் வெளிறிப்போகும். முதலாவதற்கு ஒளிபடுகை ஈடுசெய்யும் பொத்தானை அழுத்தி +1 அளவிலும், இரண்டாவதற்கு −1 அளவிலும் மாற்றினால் உண்மைத் தோற்றம் கிடைக்கும். வெண்மையான பொருளுக்கு ஒளியைக் கூட்ட வேண்டும் என்பது தொடக்கத்தில் முரணாகத் தோன்றினும், மேற்கூறிய எடுகோளை நினைவிற்கொண்டால் எளிதில் விளங்கும்.

எடுத்த படத்தைத் திரையின் வெளிச்சத்தை மட்டும் கொண்டு மதிப்பிடக் கூடாது. வெயிலில் அது இருண்டும் இரவில் பளிச்சென்றும் தோன்றும். ஹிஸ்டோகிராம் எனப்படும் ஒளிப்பரவல் வரைபடமே நம்பத்தக்கது. இதன் இடப்பக்கம் கருமையையும் வலப்பக்கம் வெண்மையையும் குறிக்கும். வரைபடம் வலது விளிம்பில் முட்டி வெட்டுண்டிருந்தால் அப்பகுதியின் நுணுக்கங்கள் முற்றாக அழிந்தன என்று பொருள். நிழலில் மறைந்தவற்றை ஓரளவு பின்னர் மீட்கலாம். முழு வெண்மையாகி வெளுத்த பகுதியை எம்மென்பொருளாலும் மீட்க இயலாது.

இயக்க நிலைகள்

மேற்புற வட்டில் தானியங்கி நிலையும், உருவப்படம், நிலக்காட்சி, அண்மைக்காட்சி, விளையாட்டு, இரவு உருவப்படம் ஆகிய காட்சி நிலைகளும் உள்ளன. இவற்றுடன் பின்வரும் நான்கு நிலைகளும் அமைந்துள்ளன.

- பி: ஒளித்துளை, மூடுவேகம் இரண்டையும் கருவி தெரிவு செய்யும். பயனர் அவ்விணையை மாற்றலாம்.
- எஸ்: மூடுவேகத்தைப் பயனரும் ஒளித்துளையைக் கருவியும் தெரிவு செய்வர். விளையாட்டு, நடனம் போன்றவற்றுக்கு ஏற்றது.
- ஏ: ஒளித்துளையைப் பயனரும் மூடுவேகத்தைக் கருவியும் தெரிவு செய்வர். உருவப்படம், நிலக்காட்சி ஆகியவற்றுக்கு ஏற்றது.
- எம்: இரண்டையும் பயனரே தெரிவு செய்வார். ஒளி மாறாத மேடை, பிளாஷ் விளக்கு, வாணவேடிக்கை போன்றவற்றுக்கு ஏற்றது.

பெருவிரலால் சுழற்றும் பின்புறச் சக்கரம் மூடுவேகத்தையும், சுட்டுவிரலால் சுழற்றும் முன்புறச் சக்கரம் ஒளித்துளையையும் மாற்றும். கற்பவர் ஏ நிலையில் தொடங்கி, ஒரே பொருளை எஃப்/4 முதல் எஃப்/16 வரை வெவ்வேறு துளையளவுகளில் எடுத்து ஒப்பிட்டால் புல ஆழம் விரைவில் புரியும்.

முந்தைய நாள் மாற்றிய அமைப்புகள் அடுத்த நாளும் நீடிக்கும். இரவில் வைத்த ஐஎஸ்ஓ 3200 உடன் மறுநாள் காலைப் படங்களையும் எடுத்துவிடுவது கற்பவரிடையே காணப்படும் பொதுவான தவறு. பச்சைப் புள்ளி இடப்பட்ட இரண்டு பொத்தான்களை ஒருசேர இரண்டு நொடிக்கு மேல் அழுத்தினால் முதன்மை அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பும்.

குவித்தல்

பொத்தானைப் பாதி அழுத்தும்போது கருவி குவிக்கும், முழுவதும் அழுத்தும்போது படமெடுக்கும். நிலையான பொருளுக்கு ஒருமுறை குவித்து நிறுத்தும் முறையும், நகரும் பொருளுக்குத் தொடர்ந்து குவிக்கும் முறையும் உள்ளன. 11 புள்ளிகளையும் கருவியே தெரிவு செய்ய விட்டால், அது பெரும்பாலும் மிக அருகிலுள்ள பொருளையே பற்றிக்கொள்ளும். மரக்கிளைகளுக்குப் பின்னால் உள்ள பறவையை எடுக்கும்போது கிளை தெளிவாகிப் பறவை மங்குவது இதனாலேயே. ஒரு புள்ளியைப் பயனரே தெரிந்தெடுத்து, உருவப்படமாயின் கண்ணின்மீது அதனை வைப்பது சிறந்தது. நடுப்புள்ளி பிறவற்றைவிடக் குறைந்த ஒளியிலும் நம்பகமாக இயங்கும்.

கோப்பு வடிவங்கள்

டி90 படங்களை ஜேபெக் வடிவிலோ, நெஃப் எனப்படும் பண்படாத் தரவு வடிவிலோ, இரண்டிலுமோ சேமிக்கும். ஜேபெக் வடிவில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 ஒளிநிலைகளே உண்டு. 12 பிட் நெஃப் வடிவில் 4096 நிலைகள் உண்டு. ஆகவே ஒளி குறைவாக அமைந்த படத்தை நெஃப் கோப்பிலிருந்து திருத்துதல் எளிது. வெவ்வேறு விளக்குகளின் நிறத்தைச் சரிசெய்யும் வெண்சமநிலையையும் நெஃப் கோப்பில் பின்னர் மாற்றலாம். ஆனால் இக்கோப்புகள் பெரியவை. இவற்றைத் திறக்கத் தனி மென்பொருளும் தேவை.

துணைக்கருவிகள்

வில்லைகள்

டி90 பெரும்பாலும் 18-105 மிமீ எஃப்/3.5-5.6 வில்லையுடன் விற்கப்பட்டது. இதன் பார்வைக் கோணம் முழுச்சட்டகக் கருவியில் ஏறத்தாழ 27-158 மிமீ வில்லை தருவதற்கு ஈடானது. கை நடுக்கத்தைக் குறைக்கும் அமைப்பும் இதில் உண்டு. அது கையின் அசைவை மட்டுமே ஈடுசெய்யும், ஓடும் குழந்தையின் அசைவை நிறுத்தாது.

இவ்வில்லையின் குறை மங்கிய ஒளியில் வெளிப்படும். உள்ளரங்கில் 105 மிமீ, எஃப்/5.6 அமைப்பில் 1/15 நொடி தேவைப்படும் எனில், அதே ஐஎஸ்ஓவில் 50 மிமீ எஃப்/1.8 வில்லையை முழுவதும் திறந்து ஏறத்தாழ 1/150 நொடியில் எடுக்கலாம். முன்னதில் மனிதர் அசைந்து மங்குவர், பின்னதில் தெளிவாக இருப்பர். ஆயினும் 50 மிமீ வில்லையைக் கொண்டு பொருளின் அருகில் செல்ல வேண்டியிருக்கும்.

பிளாஷ் விளக்குகள்

உடலில் அமைந்த சிறு விளக்கின் வழிகாட்டி எண் ஐஎஸ்ஓ 200 இல் மீட்டர் அளவில் 17 ஆகும். இதனை எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி எட்டும் தொலைவு கிடைக்கும். எஃப்/5.6 இல் இது ஏறத்தாழ 3 மீட்டர் மட்டுமே. அரங்கின் பின்வரிசையிலிருந்து பிளாஷ் இட்டு மேடையை எடுப்பதனால் பயன் ஏதும் இல்லை.

எஸ்பி-600, எஸ்பி-900 போன்ற தனி விளக்குகளின் தலைப்பகுதியைத் திருப்ப இயலும். ஒளியை வெள்ளைக் கூரையில் படச்செய்து திருப்பினால் முகத்தில் கடும் நிழல் விழாது. கூரை வண்ணமுடையதாயின் அவ்வண்ணம் முகத்திலும் படியும். டி90 இன் சிறு விளக்கைக் கொண்டு இத்தனி விளக்குகளைக் கம்பியின்றித் தொலைவிலிருந்து இயக்கவும் இயலும். பிளாஷுடன் பயன்படுத்தத்தக்க இயல்பான உச்ச மூடுவேகம் 1/200 நொடி. சிறு விளக்கைப் பயன்படுத்தும்போது வில்லையின் ஒளிமறைப்பைக் கழற்றிவிட வேண்டும். இல்லையெனில் படத்தின் கீழ்ப்பகுதியில் வளைந்த நிழல் விழும்.

முக்காலியும் தொலையியக்கியும்

நீண்ட நேர ஒளிபடுகைக்கு முக்காலி இன்றியமையாதது. பொத்தானை அழுத்தும் விரலே அதிர்வை உண்டாக்குவதால் எம்எல்-எல்3 அகச்சிவப்புத் தொலையியக்கியோ, எம்சி-டிசி2 கம்பியோ, காலந்தாழ்த்தி இயங்கும் வசதியோ பயன்படுத்தப்படுகின்றது. முக்காலியில் பொருத்தியபின் வில்லையின் நடுக்கக் குறைப்பை நிறுத்திவிடுதல் நன்று.

மின்கலமும் நினைவக அட்டையும்

இஎன்-இஎல்3இ என்னும் லித்தியம் அயனி மின்கலம் டி80, டி200, டி300, டி700 ஆகியவற்றிலும் பயன்பட்டது. எம்பி-டி80 பிடி இரண்டு மின்கலங்களையோ ஆறு ஏஏ வகைக் கலங்களையோ ஏற்கும். எஸ்டிஎச்சி அட்டைகள் 32 ஜிபி வரை கிடைக்கின்றன. கருவியில் அட்டைக்கு ஒரே இடம் உள்ளதால், அட்டை பழுதானால் படங்கள் அனைத்தும் இழக்கப்படும். படங்களை வேறிரண்டு இடங்களில் படியெடுத்த பின்னரே அட்டையை அழித்தல் வேண்டும்.

வடிகட்டிகளும் பிறவும்

18-105 மிமீ வில்லைக்கு 67 மிமீ வடிகட்டிகள் பொருந்தும். முனைவாக்க வடிகட்டி நீர், கண்ணாடி ஆகியவற்றின் எதிரொளியைக் குறைத்து வானத்தின் நீலத்தை மிகுவிக்கும். இதன் விளைவைக் கணினியில் பின்னர் முழுமையாக உருவாக்க இயலாது. ஜிபி-1 என்னும் கருவியைப் பொருத்தினால் படமெடுத்த இடத்தின் அகலாங்கு, நெட்டாங்கு ஆகியன கோப்பில் பதிவாகும்.

நிகழ்படம்

டி90 இன் நிகழ்பட வசதி அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது. பெரிய உணரியும் மாற்றத்தக்க வில்லைகளும் இருந்தமையால், பின்புலம் மங்கிய திரைப்படத் தோற்றத்தைக் குறைந்த செலவில் பெற முடிந்தது. ஆயினும் 720 வரி நிகழ்படத்தைத் தொடர்ந்து ஐந்து நிமிடம் மட்டுமே பதிவு செய்யலாம். ஒலி ஒற்றைத் தடத்தில் பதிவாகும். பதிவின்போது தானியங்கிக் குவிப்பு இயங்காது. உணரி வரி வரியாகப் படிக்கப்படுவதால் கருவியை விரைந்து திருப்பினால் நிமிர்ந்த கம்பங்கள் சாய்ந்து தோன்றும். மூன்று வாரங்களுக்குள் கேனான் நிறுவனம் 1080 வரி நிகழ்படம் எடுக்கும் 5டி மார்க் 2 கருவியை அறிவித்தது.

பராமரிப்பு

சென்னை, கொழும்பு போன்ற ஈரப்பதம் மிக்க கடற்கரை நகரங்களில் வில்லையின் உட்புறத்தில் பூஞ்சை வளர்வதுண்டு. பூஞ்சை கண்ணாடியின் பூச்சை அரித்தால் அதனை மீட்க இயலாது. கருவியைத் தோல் பைக்குள் நெடுநாள் பூட்டிவைப்பதைத் தவிர்த்து, சிலிக்கா கூழ்மத்துடன் கூடிய காற்றுப்புகாப் பெட்டியில் வைக்க வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டுவரும்போது வில்லையில் நீர் படியும். கருவியைப் பையிலேயே சிறிது நேரம் வைத்திருந்து, வெளி வெப்பநிலையை அடைந்தபின் எடுத்தால் இதனைத் தவிர்க்கலாம்.

வில்லையை மாற்றும்போது கருவியின் வாய்ப்பகுதியைக் கீழ்நோக்கிப் பிடித்தால் தூசி புகுதல் குறையும். உணரியை அதிரச்செய்து தூசியை உதிர்க்கும் அமைப்பு உள்ளே இருப்பினும், ஒட்டிய தூசி அதனால் அகலாது. கையால் இயக்கும் காற்றூதியைப் பயன்படுத்தலாம். வாயால் ஊதுதல் எச்சில் துளிகளைப் படியச்செய்யும்.

பின்வந்தவை

2010 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட டி7000, இரண்டு அட்டை இடங்களும் 1080 வரி நிகழ்படமும் கொண்டு இதன் இடத்தைப் பெற்றது. பின்னர் ஆடி இல்லாக் கருவிகள் பரவின. நிக்கான் நிறுவனம் 2018 இல் இசட்6, இசட்7 ஆகியவற்றை வெளியிட்டது. 2020 இல் டி780, டி6 ஆகியன வெளிவந்தபின் அது புதிய டி.எஸ்.எல்.ஆர் எதனையும் வெளியிடவில்லை.

டி90 தற்போது தயாரிப்பில் இல்லை. பயன்படுத்தப்பட்ட கருவிகளை வாங்குவோர் மூடி எத்தனை முறை இயங்கியுள்ளது என்பதைப் பார்த்தல் வேண்டும். நிக்கான் நிறுவனம் இதன் மூடியை 100,000 முறை இயக்கிச் சோதித்திருந்தது. வில்லையை விளக்கொளியில் பிடித்துப் பூஞ்சை உள்ளதா எனவும் நோக்குதல் வேண்டும். ஆடி மறைந்த இன்றைய கருவிகளிலும் ஒளித்துளை, மூடுவேகம், ஐஎஸ்ஓ ஆகிய மூன்றும் மாறவில்லை. எனவே டி90 இல் கற்றவை அவற்றுக்கும் பொருந்தும்.

இவற்றையும் பார்க்கவும்

- ஒளிப்படக்கலை
- புல ஆழம்
- குவியத் தூரம்
- எண்ணிம ஒளிப்படக்கருவி